நாடு வளர்ந்தது, நம் வீடு வளர்ந்ததா?

2025 மே 31-ந் தேதி காலை. ஒரு டீக்கடை. பெஞ்சில் உட்கார்ந்திருந்த வாலிபர் ஒருவர் பத்திரிகையை உரக்கப் படித்தார்.

"2024-25-ம் வருஷத்தில் இந்தியாவின் பொருளாதாரம் 6.5 சதவிகிதம் வளர்ந்தது. மத்திய அரசாங்கம் அறிவிப்பு."

பக்கத்தில் இருந்த பெரியவர் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார்:

"தம்பி, அந்த ஆறரையில் என் பங்கு எவ்வளவு?"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். வாலிபருக்குப் பதில் தெரியவில்லை.

சிரித்து ஒதுக்கக் கூடிய கேள்வி அல்ல அது. வருஷம் தோறும் நாட்டின் கணக்கு வெளியாகிறது. எண்ணைப் பார்க்கிறோம். உயர்ந்தால் மகிழ்கிறோம். தாழ்ந்தால் கவலைப்படுகிறோம். ஆனால் பெரியவர் கேட்ட கேள்வியை மட்டும் கேட்பதில்லை. அதைக் கேட்கத்தான் இந்தக் கட்டுரை.

ஆறரை என்றால் என்ன?

ஒரு குடும்பம் சென்ற வருஷம் 200 மூட்டை நெல் அறுத்தது. இந்த வருஷம் 213 மூட்டை அறுத்தது. இதுதான் 6.5 சதவிகித வளர்ச்சி.

நாட்டிலும் அப்படித்தான். வயலில் விளைந்தது, ஆலையில் செய்தது, கடையில் விற்றது, லாரியில் ஏற்றியது, ஆஸ்பத்திரியிலும் பள்ளிக்கூடத்திலும் செய்த வேலை, எல்லாவற்றுக்கும் விலை போட்டுக் கூட்டுகிறார்கள். சென்ற வருஷத் தொகையோடு ஒப்பிடுகிறார்கள்.

விலைவாசி ஏறினால் தொகையும் தானாக ஏறும். அது வளர்ச்சி ஆகாது. ஆகவே விலையேற்றத்தைக் கழித்து விடுகிறார்கள். 2024-25-ல் கழிக்காமல் பார்த்தால் 9.8 சதவிகிதம். கழித்த பிறகு 6.5.

இது நல்ல எண்ணா? கொரோனா வந்த 2020-21-ல் நாட்டின் வருமானம் வளரவில்லை, 5.8 சதவிகிதம் தேய்ந்தது. 2023-24-ல் 9.2 சதவிகிதம் வளர்ந்தது என்று கணக்கிட்டார்கள். அதோடு பார்த்தால் ஆறரை என்பது வேகம் குறைந்த வருஷந்தான். ஆனாலும் உலகின் பெரிய நாடுகளில் பலவும் இந்த வேகத்தை எட்டவில்லை.

வளர்ச்சி வேண்டாமா?

"எண்ணா சோறு போடும்?" என்று கேலி செய்கிறவர்கள் உண்டு. அவர்கள் கொஞ்சம் பின்னால் திரும்பிப் பார்க்க வேண்டும்.

1966-ல் ஒரு கோடி டன்னுக்கு மேல் தானியத்தை வெளிநாடுகளிலிருந்து கப்பலில் இறக்கினோம். கப்பல் வந்தால்தான் பல வீடுகளில் அடுப்பு எரியும் என்ற நிலை.

1991-ல் வெளிநாட்டுச் செலாவணி தீர்ந்து போகும் கட்டம் வந்தது. சில வார இறக்குமதிக்குத்தான் கையில் பணம். சுமார் 47 டன் தங்கத்தை வெளிநாட்டில் அடகு வைத்தோம். வீட்டு நகையை அடகு வைக்கிற வேதனையை நாடே அனுபவித்தது.

இன்று அந்த நிலை இல்லை. 1950-51-ல் சுமார் 5 கோடி டன் தானியம் விளைந்தது. 2023-24-ல் 33 கோடி டன்னுக்கு மேல் விளைந்தது. இந்தக் காலத்தில் ஜனத்தொகை நாலு மடங்கானது; தானியமோ ஆறு மடங்குக்கு மேல் ஆனது. 2025-ல் நாட்டின் வெளிநாட்டுச் செலாவணிக் கையிருப்பு 60,000 கோடி டாலருக்கு மேல் இருந்தது.

வளராத நாடு எதையும் பங்கிட முடியாது. காலிப் பானையில் எத்தனை அகப்பை போட்டு என்ன? ஆகவே வளர்ச்சி வேண்டும். அதில் சந்தேகம் இல்லை. பானை நிறைந்த பிறகு யார் இலையில் எவ்வளவு விழுகிறது என்பதுதான் கேள்வி.

சராசரி செய்யும் மாயம்

2024-25-ல் நாட்டின் மொத்த உற்பத்தி சுமார் 330 லட்சம் கோடி ரூபாய். ஜனத்தொகை 140 கோடிக்கு மேல். வகுத்துப் பாருங்கள். தலைக்கு இரண்டேகால் லட்சம் ரூபாய்க்கு மேல் வரும். ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்குப் பதினோரு லட்சத்துக்கு மேல்!

உங்கள் வீட்டில் அவ்வளவு வருகிறதா?

அந்தத் தொகை முழுவதும் வீடுகளுக்கு வருவதில்லை. கம்பெனிகளின் லாபமும் அரசாங்கத்தின் பங்கும் அதில் அடக்கம். அதைத் தள்ளிவிட்டு, வீடுகளின் செலவையே பார்ப்போம். 2023-24-ல் அரசாங்கம் வீடு வீடாகச் சென்று குடும்பச் செலவைக் கேட்டது. கிராமத்தில் ஒருவருக்கு மாதம் சராசரியாக 4,122 ரூபாய். நகரத்தில் 6,996 ரூபாய்.

கிராமத்துக் குடும்பம் ஐந்து பேர் என்றால் மாதம் சுமார் 20,600 ரூபாய். அதில் ஏறக்குறைய பாதி, நூற்றுக்கு 47 ரூபாய், சாப்பாட்டுக்கே போய்விடுகிறது. மீதியில்தான் துணி, மருந்து, பள்ளிச் செலவு, பஸ் கட்டணம், கல்யாணம், காதுகுத்து எல்லாம்.

இதுவும் சராசரிதான். ஒருவர் இரண்டு இட்லி தின்றார். இன்னொருவர் பட்டினி. சராசரி ஆளுக்கு ஓர் இட்லி! கணக்கு சரி. பசி தீர்ந்ததா?

பாதிப் பேர், ஆறில் ஒரு பங்கு

இப்போது பெரியவரின் கேள்விக்கு வருவோம்.

2023-24-ல் எடுத்த தொழிலாளர் கணக்குப்படி, நாட்டில் வேலை செய்கிற 100 பேரில் 46 பேர் விவசாயத்தையும் அதைச் சேர்ந்த தொழில்களையும் நம்பி இருக்கிறார்கள். நாட்டின் 100 ரூபாய் வருமானத்தில் விவசாயத்தின் பங்கு 16 முதல் 18 ரூபாய். ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு.

46 பேர் 17 ரூபாயைப் பங்கிட்டுக் கொள்கிறார்கள். மற்ற 54 பேர் 83 ரூபாயைப் பங்கிட்டுக் கொள்கிறார்கள். வயலில் ஒருவருக்கு ஒரு ரூபாய் என்றால், வெளியே ஒருவருக்கு நாலு ரூபாய். மொத்த விஷயமும் இந்த ஒரு கணக்கில் இருக்கிறது.

வளர்ந்த நாடுகளில் என்ன நடந்தது? வயலில் கூட்டம் குறைந்தது. ஆலைக்கும் கடைக்கும் அலுவலகத்துக்கும் ஜனங்கள் போனார்கள். வயலில் மீதி இருந்தவர்களுக்கும் பங்கு பெருகியது. இந்தியாவிலும் அப்படித்தான் நடந்து வந்தது. 2018-19-ல் விவசாயத்தில் இருந்தவர்கள் 100-க்கு 42 அல்லது 43 பேர். கொரோனா வந்ததும் நகரத்து வேலை போயிற்று. மூட்டை முடிச்சோடு ஊருக்குத் திரும்பினார்கள். 2020-21-ல் அந்த எண் 46-ஐத் தாண்டியது. நோய் போன பிறகு, 2023-24-லும் அந்த எண் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை.

பெண்களின் நிலை இன்னும் கடினம். வேலை செய்கிற கிராமத்துப் பெண்களில் 100-க்கு 70 பேருக்கு மேல் விவசாயத்தில்தான் இருக்கிறார்கள். அவர்களில் பலர் சொந்த நிலத்தில் கூலி இல்லாமல் உழைப்பவர்கள்.

நாடு ஆறரை சதவிகிதம் வளர்ந்தது உண்மை. பாதி ஜனங்கள் நின்ற இடத்திலேயே நிற்பதும் உண்மை.

காய்கறிக் கூடை

விலைவாசியையும் பார்க்க வேண்டும். இதைத் தாய்மார்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

2024 அக்டோபரில் காய்கறி விலை ஒரு வருஷத்துக்கு முன் இருந்ததைவிட 42 சதவிகிதம் அதிகம். நூறு ரூபாய் கூடை 142 ரூபாய் ஆயிற்று. வாங்குகிறவர்கள் அழுதார்கள். 2025 அக்டோபரில் அதே காய்கறி விலை 27 சதவிகிதத்துக்கு மேல் சரிந்தது. வாங்குகிறவர்கள் சிரித்தார்கள். விளைவித்தவர்கள் அழுதார்கள்.

மழை பெய்தால் விலை விழுகிறது, பொய்த்தால் ஏறுகிறது. எப்படியும் யாராவது ஒருவர் நஷ்டப்படுகிறார். காயைக் கெடாமல் வைக்கக் குளிர்பதனக் கிடங்கும், பக்குவம் செய்து விற்க ஆலையும் ஊருக்குப் பக்கத்திலேயே இருந்தால், இந்த ஏற்ற இறக்கம் குறையும். அங்கே வேலையும் கிடைக்கும்.

வருகிற காலம்

அடுத்த வருஷம் எப்படி இருக்கும் என்று சொல்வது பஞ்சாங்கம் பார்ப்பது போலத்தான். 2025-26-ல் 6.3 முதல் 6.8 சதவிகிதம் வளர்ச்சி இருக்கும் என்று அரசாங்கத்தின் பொருளாதார ஆய்வறிக்கை 2025 ஜனவரியில் சொன்னது. ஆனால் 2025 ஜூலை முதல் செப்டம்பர் வரை 8.2 சதவிகிதம் வளர்ச்சி என்று நவம்பரில் கணக்கு வந்தது. நிபுணர்களும் தவறலாம்.

ஆகவே ஜோசியம் வேண்டாம். கவனிக்க வேண்டியவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, மழை. 2023-ல் தென்மேற்குப் பருவமழை சராசரியைவிடக் குறைந்தது. அந்த வருஷம் பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதிக்கே தடை போட வேண்டி வந்தது. 2024-லும் 2025-லும் சராசரியைவிட அதிகம் பெய்தது. 2025-ல் விலையும் இறங்கியது.

இரண்டாவது, வெளிநாட்டுச் சந்தை. 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியச் சரக்குகள் பலவற்றுக்கு 50 சதவிகிதம் வரி போட்டது. எங்கோ போட்ட கையெழுத்து. அடி விழுந்தது திருப்பூர் பனியன் கம்பெனியில் மெஷின் ஓட்டுகிறவருக்கும், ஆந்திராவில் இறால் வளர்ப்பவருக்கும். வரி வரும், போகும். ஒரே வாடிக்கையாளரை நம்பிக் கடை நடத்தக் கூடாது என்ற பாடம் மட்டும் நிலைக்க வேண்டும்.

மூன்றாவது, வேலை. இதுவே முக்கியம். 2030 வரை வருஷத்துக்குச் சராசரி 78 லட்சத்து 50 ஆயிரம் வேலைகள் விவசாயத்துக்கு வெளியே உண்டாக வேண்டும் என்று 2023-24 பொருளாதார ஆய்வறிக்கையே சொல்கிறது. அதாவது, நாள் ஒன்றுக்கு 21,000 வேலைகளுக்கு மேல்!

செய்ய வேண்டியது என்ன?

அரசாங்கம் வளர்ச்சி எண்ணை அறிவிக்கும் அதே நாளில், அதே மேடையில், இன்னும் இரண்டு எண்களையும் அறிவிக்க வேண்டும். வயலுக்கு வெளியே எத்தனை புது வேலை கிடைத்தது? விலையேற்றம் போகக் கூலி எவ்வளவு உயர்ந்தது? 2025 முதல் வேலைக் கணக்கை மாதா மாதம் வெளியிடுகிறார்கள். ஆகவே இது முடியாத காரியம் அல்ல.

சலுகை கொடுக்கும்போது நிறையக் கைகளுக்கு வேலை தரும் தொழிலுக்கு முதலிடம் தர வேண்டும். துணி, செருப்பு, உணவுப் பக்குவம், மின்னணுக் கருவி ஆகியவை அப்படிப்பட்டவை. பெண்கள் வேலைக்கு வர விடுதி, பஸ், பாதுகாப்பு மூன்றும் வேண்டும். 2019-20 கணக்குப்படி, இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை செய்த பெண்களில் 100-க்கு 40 பேருக்கு மேல் தமிழ்நாட்டில் இருந்தார்கள். இங்கே முடிந்தது பீகாரிலும் உத்தரப் பிரதேசத்திலும் ஏன் முடியாது?

81 கோடிப் பேருக்கு மாதம் 5 கிலோ தானியத்தை இலவசமாகக் கொடுக்கும் திட்டத்தை 2024 ஜனவரி முதல் ஐந்து வருஷத்துக்கு நீட்டித்திருக்கிறார்கள். பசியைத் தடுக்கிறது, நல்லது. ஆனால் அது ஊன்றுகோல். ஊன்றுகோல் கொடுத்தவர் கால் குணமாகவும் வழி செய்ய வேண்டும். கூலி வாங்கி, தன் காசில் அரிசி வாங்குகிற கௌரவம் வேறு.

குடும்பங்களுக்கும் ஒரு வார்த்தை. நிலத்தைப் பாதியாகப் பிரித்தால் வருமானமும் பாதியாகும். படிப்பைப் பிரிக்க முடியாது. வயலில் ஆள் குறைகிறது என்று பெண்ணின் படிப்பை நிறுத்தாதீர்கள். ஒரு ரூபாய்க் கூட்டத்திலிருந்து நாலு ரூபாய்க் கூட்டத்துக்குப் போகிற பாலம் அதுதான்.

டீக்கடைப் பெரியவருக்கு என்ன பதில் சொல்வது?

"ஐயா, நாடு ஆறரை வளர்ந்தது நிஜம். உங்கள் பங்கு வந்து சேரவில்லை என்பதும் நிஜம். உங்கள் பேத்திக்குச் சம்பளம் வருகிற வேலை கிடைக்கும் அன்று அது வந்து சேரும். அதுவரை ஒவ்வொரு வருஷமும் இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டே இருங்கள்."