கெற்றப்போலை வாங்கி வையுங்கள்

பெற்றோரே, போன மாரிக்கு முன் ஒரு ஞாயிறு காலை எங்கள் ஒழுங்கையில் நடந்ததைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேச வேண்டும். தென்னையில் குரும்பை பிடுங்கிக்கொண்டிருந்த செங்குரங்குக்குப் பத்து வயதுப் பொடியன் ஒருவன் கெற்றப்போலால் அடித்தான். கல் தோளில் பட்டது. வயிற்றோடு ஒட்டியிருந்த குட்டியோடு அது மதிலுக்கு அப்பால் விழுந்து ஓடியது. “அப்பிடிப் போடடா!” என்று கைதட்டினது பெரியவர்கள். நானும் அங்கேதான் நின்றேன். வாய் திறக்கவில்லை. அந்த வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

இழப்பை நான் மறைக்கவில்லை. குரங்கு பப்பாசியைப் பழுக்க விடாது. கச்சான் காய்க்கிற நேரம் காவல் இருந்தே ஆக வேண்டும். தேங்காய் விற்கிற விலையில் ஒரு குலைக் குரும்பை நிலத்தில் கிடந்தால் வயிறு எரியத்தான் செய்யும். தோட்டத்தைக் காப்பது எங்கள் உரிமை. ஆனால் பிள்ளையின் கையில் கல்லைக் கொடுத்து, பட்டால் கைதட்டுவது எந்தத் தோட்டத்தைக் காக்கிறது? இந்தக் கிளையில் அடித்தால் அது அடுத்த வளவுக்குப் போகிறது, பின்னேரம் திரும்பி வருகிறது. பிள்ளையிடம் நாங்கள் வளர்த்துவிட்ட குணம் மட்டும் அவனோடு தங்கிவிடுகிறது.

கொஞ்சம் பின்னால் நினைத்துப் பாருங்கள். போர் முடிந்து 2009க்குப் பிறகு மீள்குடியேறி வந்தபோது எங்கள் வளவுகள் எப்படிக் கிடந்தன? முற்றமெல்லாம் பற்றை. கூரையில்லாச் சுவர்களில் மந்திகள் இருந்தன. ஆளில்லாத காலத்தில் எங்கள் மாவிலும் தென்னையிலும் குட்டி போட்டு வளர்த்தவை அவை. அதன்பின் பாலையும் வீரையும் நின்ற காட்டுத்துண்டுகளையும் வெட்டினோம். அந்தப் பழங்களை உண்டு வாழ்ந்தவற்றுக்கு ‘கள்ளன்’ என்று பெயர் வைத்தோம். பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் மட்டும் தெரியும், அதற்கு முந்திய கதையைச் சொன்னவர் எத்தனை பேர்?

இன்னொரு பிழையும் செய்கிறோம், அதுவும் அன்பின் பெயரால். ஏ9 வீதியில் வாகனத்தை நிறுத்திப் பிள்ளையின் கையால் பிஸ்கற் கொடுக்க வைத்துப் படம் எடுக்கிறோம். கையில் உணவு கண்டு பழகிய குரங்கு நாளைக்குக் குசினிக்குள் வரும், கொடுக்காத பிள்ளையைக் கடிக்கும். சிலர் குட்டியை மாமரத்தில் சங்கிலியால் கட்டி வளர்க்கிறார்கள். தாயை விட்டுப் பிரியாத குட்டி எப்படிக் கைக்கு வந்தது என்று பிள்ளை கேட்டால் என்ன சொல்வீர்கள்?

கல்லும் வேண்டாம், பிஸ்கற்றும் வேண்டாம், சங்கிலியும் வேண்டாம் என்றால் சிநேகிதம் எப்படி? பொலன்னறுவையைப் பாருங்கள். அங்கே இடிபாடுகளுக்கிடையே வாழும் செங்குரங்குகளை 1968 தொடக்கம் ஆராய்ந்து வந்தவர் வொல்ஃப்காங் டிட்டஸ். ஒவ்வொரு குரங்கையும் முகத்தைக் கொண்டே இனங்கண்டு, தாய், மகள், பேத்தி என்று தலைமுறை தலைமுறையாகப் பதிந்தார். எங்களுக்கு எல்லாம் ஒரே குரங்கு. முகம் தெரிந்தவருக்கோ அது இன்னாருடைய மகள். முகம் தெரிந்த ஒன்றின் மேல் கல் எறியக் கை எழும்பாது.

இந்தச் செங்குரங்கு இலங்கையைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழ்வதில்லை. அழியும் ஆபத்தில் உள்ள இனமாகச் சர்வதேசப் பட்டியலில் இருக்கிறது. 2023இல் ஒரு இலட்சம் குரங்குகளைச் சீனாவுக்கு அனுப்பும் பேச்சு எழுந்தது, வழக்குக்குப் பின் கைவிடப்பட்டது. 2025 மார்ச் 15 காலை 8 மணிக்கு, பயிரழிக்கும் விலங்குகளை அவரவர் வளவில் ஐந்து நிமிடம் எண்ணச் சொன்னது அரசு. அன்று பிள்ளையைப் பக்கத்தில் இருத்தி எண்ணிய வீடுகள் எத்தனை? பிள்ளையோடு சேர்ந்து பார்க்கக் கிடைத்த அந்த ஐந்து நிமிடத்தையும் படிவத்தை நிரப்புவதிலேயே கழித்தோம்.

பார்க்க எவ்வளவு இருக்கிறது! செங்குரங்கின் தலையில் தொப்பி போல வட்டமாக விரிந்த மயிர். பழத்தைக் கன்னப்பையில் அடக்கிக்கொண்டு போய்த் தூரத்தில் கொட்டையைத் துப்பும். காட்டு மரம் ஒன்று அங்கே முளைக்கலாம். மந்தியின் முகம் கறுப்பு, வால் நீளம், இலையைச் செரிக்க மாட்டைப் போல அறையறையான வயிறு. புதிதாய்ப் பிறந்த மந்திக் குட்டியை மற்றப் பெண் மந்திகளும் வாங்கித் தூக்கும். மந்தி கிளையில் மேயும்போது உதிரும் இலைக்காகப் புள்ளிமான் கீழே வந்து நிற்கும். ஆபத்தென்றால் மேலிருந்து வரும் குரல் மானையும் காக்கும்.

ஆகவே, இன்றே தொடங்குங்கள். கெற்றப்போலை வாங்கி வையுங்கள். ஒரு கொப்பியையும் பென்சிலையும் கொடுங்கள். இருபது அடி தள்ளியிருந்து பார்க்கச் சொல்லுங்கள். கண்ணுக்குள் முறைத்துப் பார்ப்பது குரங்குக்குச் சண்டைக்கு அழைப்பு என்று சொல்லிக்கொடுங்கள். காது கிழிந்தது எது, குட்டி வைத்திருப்பது எது என்று எழுதட்டும். நீங்கள் குப்பையை மூடி வையுங்கள், விழுந்த பழத்தைப் பொறுக்குங்கள், பப்பாசிக்கு வலை போடுங்கள், வேலியோரத்துப் பாலையை வெட்டாமல் விடுங்கள். கடியோ கீறலோ பட்டால் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். பன்றிவெடியும் கட்டுத்துவக்கும் பிள்ளைகள் நடமாடும் ஊருக்குள் வேண்டவே வேண்டாம்.

செங்குரங்குக் கூட்டத்தில் மகளுக்குத் தாயின் நிலைதான் கிடைக்கும். தாய் எங்கே நின்றாளோ அங்கேதான் அவளும் நிற்பாள். அன்று எங்கள் ஒழுங்கையில் கல் எறிந்த பொடியனும் நாங்கள் நின்ற இடத்தில்தான் நின்றான். நாங்கள் இடம் மாறாமல் அவனை மாறச் சொல்ல எங்களுக்கு வாயில்லை.