பங்களாவுக்கு மட்டுந்தான் வரலாறா?

போயாவும் சனி ஞாயிறும் சேர்ந்து வந்துட்டா போதும், டிக்கோயா ரோட்டுல கொழும்பு வேன்கள் வரிசை கட்டும். புதுசா கல்யாணமான சோடிகள். காசல்ரீ டேமுக்கு முன்னால ஒரு போட்டோ, வார்லி தேவாலயத்துல ஒன்று, கூடையோட நிற்கிற நம்ம அக்காவோட ஒன்று. ‘குட்டி ஸ்கொட்லாந்து’ என்று கீழே எழுதினால் பயணம் முடிஞ்சுது.

வாறவங்க மேல எங்களுக்குக் கோபமில்லை. ஊரைக் காட்டுகிற விதத்தோடதான் சண்டை.

1878இல் கட்டிய வார்லியின் கல்லறைகளில் துரைமாரின் பேரை இன்றைக்கும் வாசிக்கலாம். அவங்களுக்காகக் காடு வெட்டிய எங்கள் பூட்டன் பூட்டியைத் தேயிலைக்குள்ள எங்கே புதைச்சாங்க என்றுகூட எங்களுக்குத் தெரியாது. ஸ்கொட்லாந்தின் டன்கெல்டுக்கு இங்கே ஒரு தோட்டமே இருக்கு. மன்னாரில் இறங்கி நடந்தே வந்தவங்களோட ஊர்ப் பேர் எந்தப் பலகையில இருக்கு?

துரை பங்களாவைப் புதுசாக்கி, ‘அந்தக் கால அனுபவம்’ என்று விக்கிறாங்க. அதே காலத்து லயத்துல, பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் இன்னும் குடும்பம் நடக்குது. (அதுக்காக லயத்துக்குள்ள கமராவோட வந்துடாதீங்க, அதைக் கேட்கல.)

அட்டனுக்கு வாற ரயில் கம்பளையைத் தாண்டித்தான் வருது. அந்தப் பக்கம் பழைய லயத்துலயே தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் இருக்கு. சுற்றுலாப் பட்டியலில் வார்லியோட அதையும் போடுங்க. துரை கதை சொல்லும் வழிகாட்டிகள், 1948இல் எங்கள் குடியுரிமையைப் பறித்த சட்டத்தையும் சொல்லட்டும். அப்புறம் தாராளமா போட்டோ எடுங்க, அக்காவிடம் முதல்ல பேரைக் கேட்டுட்டு.