மூட்டைக்குள் மறைந்த நஞ்சு

2019-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதக் கடைசி. ஜெர்மனியின் தலைநகரான பெர்லினில், ஹைகோர்ட்டின் கம்ப்யூட்டர்கள் திடீரென்று வெளித் தொடர்பிலிருந்து துண்டிக்கப்பட்டன. மின்னஞ்சல் நின்றது. கோர்ட்டை நாடியவர்கள் தபாலையும் டெலிபோனையும் பேக்ஸையும் நம்ப வேண்டியதாயிற்று. தீ விபத்தும் இல்லை, வேலை நிறுத்தமும் இல்லை. "எமோடெட்" என்ற நச்சுப் புரோகிராம் கோர்ட்டின் கம்ப்யூட்டர்களுக்குள் புகுந்துவிட்டதே காரணம்.

மறு ஆண்டு ஜனவரியில் நிபுணர்களின் அறிக்கை வெளியாயிற்று. எதிரி நினைத்திருந்தால் கோர்ட்டில் இருந்த தகவல்களை எல்லாம் அள்ளிச் சென்றிருக்க முடியும் என்றும், கம்ப்யூட்டர் அமைப்பை அடியோடு புதிதாக நிர்மாணிக்க வேண்டும் என்றும் அது கூறிற்று. நியாயம் கேட்டு வந்தவர்களின் அந்தரங்கமெல்லாம் அடங்கிய இடம் அது!

காவலுக்கு ஆள் இருந்தும் திருடன் எப்படி உள்ளே வருகிறான்? விடை, அவன் போர்த்திவரும் போர்வையில் இருக்கிறது.

பாக்கர் என்பது என்ன?

கம்ப்யூட்டர் புரோகிராம்களைச் சுருக்கிக் கட்டும் கருவிக்கு "பாக்கர்" என்று பெயர். புரோகிராமின் உடலைச் சுருக்கி மூட்டையாகக் கட்டி, அதன் வாயில் அவிழ்க்கும் பகுதி ஒன்றைத் தைத்துவிடும். புரோகிராமை இயக்கியதும் அந்தப் பகுதி முதலில் ஓடி, மூட்டையை நினைவகத்தில் அவிழ்த்து, பிறகு அசல் புரோகிராமிடம் வேலையை ஒப்படைக்கும்.

இது திருட்டுத் தொழிலுக்கென்று பிறந்தது அல்ல. "யு.பி.எக்ஸ்." என்ற பிரபலமான பாக்கர் 1998-ஆம் ஆண்டு முதல் இலவசமாகவே கிடைத்து வருகிறது. கோப்பின் அளவைக் குறைப்பதே அதன் நோக்கம். தங்கள் புரோகிராமைப் பிறர் நகல் எடுக்காமல் காப்பதற்காகப் பாக்கர்களை நாடும் நாணயமான கம்பெனிகளும் உண்டு.

ஆனால் கள்ளன் கையில் இது வேறு காரியத்துக்குப் பயன்படுகிறது. ஆன்ட்டி வைரஸ் புரோகிராம்கள், பிடிபட்ட நஞ்சுகளின் அடையாளங்களைக் கைரேகைப் பதிவுபோல் சேர்த்து வைத்திருக்கின்றன. புதிய கோப்பு வந்தால் ஒப்பிட்டுப் பார்க்கின்றன. நஞ்சைப் புதிய மூட்டையில் கட்டினால், வெளித்தோற்றம் முழுவதும் மாறிவிடும். பழைய ரேகை பொருந்தாது. எமோடெட் கூட்டத்தார் செய்தது இதைத்தான். சரக்கு ஒன்றே, சாக்கை மட்டும் அடிக்கடி மாற்றிக்கொண்டே இருந்தார்கள்.

மூட்டையைக் கண்டுபிடிப்பது எப்படி?

நிபுணர்களிடம் சில உரைகற்கள் உண்டு. முதலாவது, கோப்பின் உள்ளே எழுத்துக்கள் எவ்வளவு தாறுமாறாகச் சிதறியுள்ளன என்ற அளவு. 1948-இல் அமெரிக்க அறிஞர் கிளாட் ஷானன் வகுத்த கணக்கு அது. 0 முதல் 8 வரை போகும் இந்த அளவில், சுருக்கிய அல்லது ரகசியமாக்கிய பகுதி பெரும்பாலும் 7-ஐத் தாண்டி 8-ஐ நெருங்கும். இரண்டாவது, புரோகிராம் விண்டோஸிடம் கேட்கும் உதவிகளின் பட்டியல். சாதாரணப் புரோகிராமில் இது நீளமாக இருக்கும்; மூட்டை கட்டியதிலோ இரண்டு மூன்று பெயர்களே தென்படும். மூன்றாவது, வட்டில் ஒன்றுமே இல்லாத ஒரு பகுதி, நினைவகத்தில் மட்டும் பெரிய இடம் கேட்பது. அவிழ்ந்த சரக்கை இறக்கிவைக்க அந்த இடம்!

ஆனால் மூட்டை என்று தெரிந்தால் மட்டும் போதுமா? "மூட்டை கட்டியதெல்லாம் நஞ்சு" என்று தடுத்தால் நல்ல புரோகிராம்களும் அடிபடும். நஞ்சைத் தாமாகவே இனம் காணக் கற்றுக்கொள்ளும் யந்திரங்கள்கூட இந்தக் குழியில் விழுகின்றன. மூட்டை கட்டிய நல்ல கோப்புகளைக் காட்டிப் பழக்காவிட்டால், அவை நஞ்சைக் காணாமல் சாக்கை மட்டுமே கண்டு தீர்ப்புச் சொல்லிவிடுகின்றன என்று 2020-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி எடுத்துக்காட்டியது.

ஓட வேண்டுமானால் அவிழ வேண்டும்

கள்ளனுக்கும் ஒரு பலவீனம் உண்டு. எத்தனை சாக்கில் சுற்றினாலும், நஞ்சு வேலை செய்ய வேண்டுமானால் நினைவகத்தில் அவிழ்ந்தே தீர வேண்டும். அந்த நேரத்தில் அதன் சுயரூபம் வெளிப்படும். ஆகவே சந்தேகத்துக்குரிய கோப்பை, தனியே அடைத்துவைத்த சோதனைக் கம்ப்யூட்டரில் ஓடவிட்டு, அவிழ்ந்ததும் நினைவகத்தைப் படி எடுக்கிறார்கள். தேர்ந்த கள்ளர்கள் இதையும் அறிவார்கள். சோதனைச் சாலை என்று மோப்பம் பிடித்தால் நஞ்சு சும்மா இருந்துவிடும். அல்லது நெடுநேரம் தூங்குவதுபோல் பாசாங்கு செய்யும். எனவே வாசலில் சோதித்தால் மட்டும் போதாது. உள்ளே வந்தபின் என்ன செய்கிறது என்றும் கண்காணிக்க வேண்டும். கடிதம் படிக்கும் புரோகிராம் எதற்காக இன்னொரு புரோகிராமை இறக்கி ஓட்டுகிறது? இந்தக் கேள்விக்கு முன் எந்தப் போர்வையும் நிற்காது.

கோப்பை அழித்தால் போதுமா?

நஞ்சு பிடிபட்டதும் கோப்பை அழித்துவிட்டு நிம்மதியாக உறங்குவது பெரும் தவறு. எமோடெட் 2014-இல் வங்கிக் கணக்குத் திருடனாகத் தோன்றி, பின்னர் மற்றக் கூட்டங்களுக்குக் கதவு திறந்துவிடும் தரகனாக மாறியது. தரகனை விரட்டினாலும், அவன் உள்ளே அனுப்பியவர்கள் அங்கேயே இருப்பார்கள்.

எனவே முதலில் கம்ப்யூட்டரை நெட்வொர்க்கிலிருந்து பிரிக்க வேண்டும். முடிந்தால் உடனே அணைத்துவிடக் கூடாது. அவிழ்ந்த நஞ்சின் தடயம் நினைவகத்தில் இருக்கும், மின்சாரம் போனால் அதுவும் போய்விடும். அதே அறிகுறி வேறு கம்ப்யூட்டர்களில் உண்டா என்று தேட வேண்டும். பாஸ்வேர்டுகள் களவு போனதாகவே கருதி, சுத்தமான வேறு கம்ப்யூட்டரிலிருந்து மாற்ற வேண்டும். பாதிக்கப்பட்டதைப் புதிதாக அமைத்து, இணைப்பில்லாமல் தனியே வைத்த பழைய நகலிலிருந்து தகவல்களை மீட்க வேண்டும்.

போலீசார் போட்ட போடு

2021 ஜனவரியில், நெதர்லாந்து, ஜெர்மனி, அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், லிதுவேனியா, கனடா, உக்ரைன் ஆகிய 8 நாடுகளின் அதிகாரிகள் ஒன்றுகூடி எமோடெட்டின் தலைமைக் கம்ப்யூட்டர்களைக் கைப்பற்றினர். உக்ரைனில் நடந்த சோதனையின் காட்சிகளில் ரொக்கமும் தங்கக் கட்டிகளும் தெரிந்தன. அந்தச் சமயம் வரையிலான பத்து மாதத்துக்குள் மட்டும் 16 லட்சம் கம்ப்யூட்டர்களுக்கு மேல் பாதிக்கப்பட்டதாக அமெரிக்க நீதித்துறை அறிவித்தது. கைப்பற்றிய பாதை வழியாகவே நஞ்சை நீக்கும் கட்டளையும் அனுப்பப்பட்டு, ஏப்ரல் 25-ஆம் தேதி அது அமலுக்கு வந்தது.

ஆனால் அதே ஆண்டு நவம்பரில் எமோடெட் மீண்டும் தலைதூக்கியது!

சாக்கு மலிவானது, எத்தனை வேண்டுமானாலும் தைக்கலாம். சாக்கின் நிறத்தைக் குறித்து வைத்துக்கொண்டு காவல் இருப்பவன் என்றும் ஏமாறுவான். உள்ளே வந்தவன் என்ன செய்கிறான் என்று பார்ப்பவனும், வீடு கொள்ளை போனாலும் மீண்டும் எழுப்பத் தயாராய் இருப்பவனுமே தப்புவான். பெர்லின் கோர்ட்டு தந்த பாடம் அதுதான்.