கண்ணாடிக் கடலில் பாசி

செங்கற்பட்டிலிருந்து ஒரு சகோதரி நமக்கு எழுதியிருக்கிறார். அவருடைய வீட்டுக் கூடத்தில் 200 லிட்டர் கொள்ளும் உப்பு ஜலத் தொட்டி ஒன்று இருக்கிறதாம். வைத்து ஏழு மாதமாகிறது. முதலில் கண்ணாடியில் பழுப்பாகத் தூசி போல் ஏதோ படிந்தது. பிறகு கற்களின்மேல் பச்சை மயிர் முளைத்தது. இப்பொழுது மணலின்மீது சிவப்புக் கம்பளம் விரித்தாற்போல் வழுவழுவென்று ஒரு பொருள் படர்ந்திருக்கிறது. கடைக்காரர் ஒரு மருந்துப் புட்டியைக் கொடுத்தார். பாசி நாலு நாள் மறைந்தது; ஐந்தாம் நாள் இரண்டு மீன்கள் செத்து மிதந்தன. "குழந்தை சாப்பிட மாட்டேன் என்கிறான். தொட்டியை ஒரேயடியாய்க் கவிழ்த்துவிடலாமா?" என்று அந்த அம்மாள் கேட்கிறார்.

கவிழ்க்க வேண்டாம். கவிழ்த்தே தீர வேண்டுமென்றாலும், எங்கே கவிழ்ப்பது என்பதில் பெரிய விஷயம் அடங்கியிருக்கிறது. அதைப் பின்னால் சொல்லுகிறோம்.

மானாம்பதியில் உட்கார்ந்துகொண்டு கடல் மீனைப்பற்றிப் பேச ஒரு பள்ளிக்கூட உபாத்தியாயருக்கு என்ன பாத்தியதை என்று சிலர் நினைக்கலாம். கடல் இங்கிருந்து வெகு தூரந்தான். ஆனால் பாசியின் சுபாவம் உப்பு ஜலத்திலும் ஏரி ஜலத்திலும் ஒன்றே. வயலுக்குப் போட்ட உரம் மழையில் கரைந்து ஏரியில் சேர்ந்தால் ஏரி பச்சையாகிறது. மீனுக்குப் போட்ட தீனி கரைந்து தொட்டியில் சேர்ந்தால் தொட்டி பச்சையாகிறது. நம் பக்கத்து ஊராகிய உத்திரமேரூரில், பராந்தக சோழன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுக்களில், ஏரியைக் கவனிப்பதற்கென்று ஏரி வாரியம் என்ற தனிச் சபையே சொல்லப்பட்டிருக்கிறது. ஜலத்தைத் தேக்கி வைத்தவன் அதை நாள்தோறும் கவனித்தாக வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. புட்டி மருந்து விற்கும் கடைக்காரருக்குத்தான் தெரியவில்லை.

மீன்கள் ஏன் செத்தன? பாசி ஒரே சமயத்தில் மடிந்தால் அது எங்கும் போய்விடுவதில்லை. அதே ஜலத்தில் அழுகுகிறது. அழுகச் செய்யும் நுண்ணுயிர்கள் ஜலத்திலுள்ள பிராண வாயுவைக் குடித்துவிடுகின்றன. இரவில் கேட்கவே வேண்டாம். அப்பொழுது பிராண வாயுவை உண்டாக்க வெளிச்சமும் இல்லை. அழுகியதிலிருந்து கரைந்த சத்தோ அடுத்த பாசிக்கு விருந்தாகிறது. மருந்து போட்டுப் பாசியைக் கொல்லுவது, களையைப் பிடுங்கி அந்த வயலிலேயே எருவாகப் போடுவது போலத்தான்.

சத்து எங்கிருந்து வருகிறது என்று சகோதரி தேட வேண்டும். தீனி ஒரு வழி. இரண்டு நிமிஷத்தில் மீன்கள் தின்று தீர்க்கும் அளவுக்கு மேல் ஒரு சிட்டிகைகூடப் போடலாகாது. உறைந்த இறாலைப் போடுகிறவர்கள் அதைக் கரையவிட்டு, அந்த ஜலத்தைக் கொட்டிவிட்டு இறாலை மாத்திரம் போட வேண்டும். இதெல்லாம் பலருக்கும் தெரிந்ததுதான்.

தெரியாத வழி ஒன்று உண்டு. அதைக் கொஞ்சம் கணக்குப் போட்டே காட்டுகிறோம். உபாத்தியாயருடைய வழக்கம், நேயர்கள் பொறுத்தருள வேண்டும். நம் ஜில்லாவின் வெயிலில் அப்படிப்பட்ட தொட்டியிலிருந்து நாளொன்றுக்கு 2 லிட்டர் ஆவியாகிறது என்று வைத்துக்கொள்ளுவோம். ஆவியாவது ஜலம் மாத்திரமே. உப்பு அப்படியே நிற்கிறது. ஆகையால் குறைந்த இடத்தை நல்ல ஜலத்தால் நிரப்புகிறோம். அது கிணற்று ஜலமாயிருந்து, அதில் லிட்டருக்கு 40 மில்லிகிராம் நைட்ரேட் இருந்தால்? குடிக்க யாதொரு தடையும் இல்லை. குடிநீருக்கு நம் தேசத்தில் அனுமதித்திருக்கும் வரம்பே 45. ஆனால் முப்பது நாளில் 60 லிட்டர் ஊற்றுகிறோம். அதனோடு 2,400 மில்லிகிராம் நைட்ரேட் தொட்டிக்குள் போகிறது, திரும்பி வருவதில்லை. லிட்டருக்கு 12 மில்லிகிராம் வீதம் மாதந்தோறும் ஏறுகிறது. பச்சை மயிருக்கு இதைவிட என்ன வேண்டும்? தீனியைக் குறைத்தும் பாசி குறையவில்லை என்று அழுகிற வீடுகளில் பாதிக்கு இதுவே காரணமாயிருக்கும் என்பது நம் அபிப்பிராயம்.

ஆகவே ஆர்.ஓ. யந்திரத்தின் ஜலத்தையே ஊற்ற வேண்டும். அதிலும் ஒரு சூழ்ச்சி இருக்கிறது. வீட்டுக்கு விற்கும் யந்திரங்கள் பலவற்றில், ருசிக்காகக் கொஞ்சம் பழைய ஜலத்தைத் திரும்பக் கலக்கும்படி ஒரு திருகு வைத்திருக்கிறார்கள். டி.டி.எஸ். மானியால் அளந்து பாருங்கள். பூஜ்யத்துக்கு அருகில் காட்டினால்தான் தொட்டிக்கு யோக்கியமான ஜலம்.

இனிச் சகோதரி கண்ட மூன்று நிறங்கள். பழுப்புத் தூசி டயாட்டம் என்னும் நுண்பாசி. மணலிலும் ஜலத்திலும் உள்ள சிலிக்கா சத்தைக் கொண்டு கண்ணாடி போன்ற ஓடு கட்டிக்கொள்வது. புதுத் தொட்டியில் வந்து, பெரும்பாலும் சில வாரங்களில் தானே போய்விடும். பச்சை மயிரைக் கையால் பிடுங்க வேண்டும். கல்லை வெளியே எடுத்து, தனி வாளியில் அதே உப்பு ஜலத்தை விட்டு, பல் தேய்க்கும் புருசால் தேய்த்து அலம்பித் திரும்ப வையுங்கள். தொட்டிக்குள்ளேயே தேய்த்தால் ஒவ்வொரு துணுக்கும் ஒரு விதை.

சிவப்புக் கம்பளமோ பாசியே அல்ல. சயனோபாக்டீரியா என்ற பாக்டீரியா இனம். சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தப் பூமியின் காற்றில் பிராண வாயுவை நிறைக்கத் தொடங்கியது இதன் முன்னோர்களே. ஆகவே சற்று மரியாதையுடனேயே வெளியேற்றுவோம். குழாய் வைத்து அதை உறிஞ்சி எடுத்துவிட்டு, ஜலம் தேங்கி நிற்கும் மூலைகளில் ஓட்டத்தை அதிகப்படுத்த வேண்டும். மூன்று நாள் விளக்கை அணைத்துத் தொட்டியைத் துணியால் மூடி வைப்பதும் உண்டு. அந்நாட்களில் காற்று யந்திரம் நிற்கலாகாது.

வெளிச்சத்தைப் பற்றி ஒரே வார்த்தை. ஜன்னலோரத்தில் தொட்டி வேண்டாம். விளக்கு எட்டு மணி நேரம் எரிந்தால் போதும்.

இவையெல்லாம் நம் காலத்துத் தொல்லைகள் என்று எண்ண வேண்டாம். லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்ற ரஸாயன சாஸ்திரி 1849-ல் ஒரு பாத்திரத்தில் தங்க மீன்களையும் ஜலச் செடியையும் வைத்துப் பார்த்தார். இலைகள் அழுகின, கண்ணாடியில் பச்சை படிந்தது. அவர் மருந்தைத் தேடவில்லை. குளத்து நத்தைகள் சிலவற்றைக் கொண்டுவந்து விட்டார். அவை அழுகலையும் பச்சையையும் தின்று தீர்த்தன; மீன்களும் பிழைத்தன. கண்ணாடித் தொட்டி சாஸ்திரம் பிறந்ததே அங்கேதான் எனலாம். நம் சென்னையிலும் 1909-ல் மெரீனாக் கடற்கரையில் ஒரு கடல் மீன் காட்சிசாலை திறந்தார்கள். இரண்டாம் உலக யுத்தத்தின்போது அது மூடப்பட்டது.

கடல் நத்தைகளும் அந்த வேலையைச் செய்யும். ஆனால் எந்த ஜாதி என்று விசாரித்து, வளர்ப்பில் பிறந்ததையே வாங்க வேண்டும். "பவளக் கல் வைத்தால் பாசி வராது" என்று யாராவது ஆசை காட்டினால் கும்பிடு போட்டு வந்துவிடுங்கள். கடலடியில் பாறை கட்டும் பவளங்களும், மணலைத் தின்று சுத்தம் செய்யும் கடலட்டைகளும் 2001 முதல் வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலிக்கு உள்ள காவலே அவற்றுக்கும்.

கொட்டும் விஷயத்துக்கு வருவோம். 1984-ல் மொனாக்கோ நகரத்துக் கடல் காட்சிசாலையின் ஜன்னல்களுக்கு நேர் கீழே, மத்தியதரைக் கடலில், ஏறத்தாழ ஒரு சதுர மீட்டர் பரப்பில் அழகான பச்சைப் பாசி ஒன்று காணப்பட்டது. காலெர்ப்பா டாக்ஸிபோலியா என்று பெயர். வெப்பக் கடல்களுக்குரிய அது, தொட்டிகளில் அலங்காரத்துக்காக வளர்க்கப்பட்டு, குளிரையும் தாங்கும்படி ஆகியிருந்தது. 1989-ல் அது ஒரு ஹெக்டேர் ஆயிற்று. பின்னர் பல நாடுகளின் கரைகளில் ஆயிரக் கணக்கான ஹெக்டேர்களில் பரவிற்று. 2000-ல் அதே பாசி அமெரிக்காவில் கலிபோர்னியாவின் உப்பங்கழி ஒன்றில் தலைகாட்டியபோது, தார்ப்பாயால் மூடி உள்ளே குளோரினை விட்டுக் கொன்றார்கள். முற்றிலும் ஒழிந்தது என்று அறிவிக்க 2006 ஆயிற்று.

நம் தமிழ்க் கடலிலும் பாசிக் கதை உண்டு. பிலிப்பைன்ஸைச் சேர்ந்த காப்பாபைகஸ் என்னும் பாசி, காராஜீனன் என்ற கூழ்ப் பொருளுக்காக இங்கே கொண்டுவரப்பட்டு, மண்டபம் பக்கத்தில் மூங்கில் தெப்பங்களில் பயிராக்கப்பட்டது. கடலோரப் பெண்கள் பலருக்கு அதனால் கூலி கிடைத்தது. அதைக் குறை சொல்ல நமக்கு மனமில்லை. ஆனால் மன்னார் வளைகுடாவில் குருசடைத் தீவருகே அது பவளங்களின்மேல் ஏறிப் போர்த்து மூடிவிட்டதாக 2008-ல் ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்டார்கள். வெளிச்சம் இழந்த பவளம் சாகிறது. அங்கே போட மருந்து ஏது? மூழ்கி மூழ்கிக் கையால் பிடுங்கினார்கள். ஒரு துணுக்கு கையை விட்டு நழுவினால் அது மறுபடி தழைக்கிறது.

ஆகவே பிடுங்கிய பாசியைக் கடலிலோ கழிமுகத்திலோ ஏரியிலோ வாய்க்காலிலோ போடவே கூடாது. மொட்டைமாடியில் பரப்பிச் சித்திரை வெயிலில் சருகாகும் மட்டும் உலர்த்திக் குப்பையில் சேருங்கள். புருசு அலம்பிய வாளி ஜலத்தில் ஒரு கரண்டி பிளீச்சிங் தூளைப் போட்டு ஓரிரவு வைத்திருந்து மறுநாள் சாக்கடையில் விடலாம். துளசி மாடத்துக்கும் வாழைப் பாத்திக்கும் மாத்திரம் அந்த உப்பு ஜலம் வேண்டாம்.