வீட்டுத் தயாரிப்பு என்றால் கேள்வி கேட்கக் கூடாதோ?

பேத்திக்குக் கஞ்சி காய்ச்ச ஏத்தங்காய் மாவு வாங்கினோம். பொட்டலத்தைப் பிரித்தால் மல்லிப்பொடி வாசனை! விற்றவரிடம் போனில் கேட்டேன். "வீட்டுத் தயாரிப்பு சார், மில்லுல அரைச்சா அப்படித்தான் இருக்கும்" என்றார். மசாலா அரைத்த மெஷினைத் துடைக்காமல் கைக்குழந்தையின் உணவையும் அதிலேயே கொட்டியிருக்கிறார்கள்.

'வீட்டுத் தயாரிப்பு' என்ன, சான்றிதழா? காய்ந்த சீவல் 'டக்'கென்று ஒடிய வேண்டும். வளைந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. மழைக்காலத்தில் மொட்டைமாடியில் காய்ந்தும் காயாமலும் கிடந்ததை அரைத்தால் பூஞ்சை பிடிக்கும். சில பூஞ்சைகள் விடும் அஃப்ளாடாக்சின் கல்லீரலைக் கெடுப்பது; கஞ்சி கொதித்தாலும் அது போகாது. அரைத்த சூட்டோடு பையில் அடைத்தால் வியர்த்து, அதே கதை.

நம்மிடமும் தவறு உண்டு. மாவு வெள்ளைவெளேரென்று இருக்க வேண்டும் என்கிறோம். நறுக்கிய காய் கறுக்கத்தானே செய்யும்? அதை மறைக்கத்தான் சல்பைட் தண்ணீரில் முக்குவது. மங்கிய மாவே எனக்கு நிம்மதி.

சிறுதொழிலை நசுக்காதீர் என்று நண்பர் சண்டைக்கு வந்தார். மெஷினைத் துடைத்து, முதலில் ஒரு படி அரிசியை ஓட்டி ஒதுக்க என்ன லட்சமா செலவாகும்?

பொட்டலத்தில் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ எண்ணைத் தேடினேன். அரைத்த தேதியே இல்லை.