மூடி வைத்த சாட்சியம்

2020, 2021 ஆகிய இரண்டு வருஷங்களிலும் சித்திரையில் தல்லாகுளத்து வீதிகளில் எதிர்சேவை நடைபெறவில்லை. கள்ளழகர் வைகைக்கு எழுந்தருளவில்லை. கொரோனாக் கொள்ளை நோய் ஊரையே வீட்டுக்குள் அடைத்திருந்தது. தமிழ்நாட்டில் அந்நோய்க்கு முதல் உயிர் பலியானதும், 2020 மார்ச் 25-ந் தேதி, மதுரை ராஜாஜி மருத்துவமனையிலேதான். இவ்வளவையும் அநுபவித்த ஜனங்கள், "இந்நோய் எப்படி உண்டாயிற்று?" என்று கேட்பது நியாயமே. ஆனால் தீர்மானமான விடை இன்னும் கிடைக்கவில்லை.

2021 தொடக்கத்தில் உலக சுகாதார ஸ்தாபனத்தின் நிபுணர்கள் சீனாவின் வூஹான் நகருக்குச் சென்றார்கள். மூலத் தகவல்களைப் பெற அவர்கள் சிரமப்பட்டதாக ஸ்தாபனத் தலைவர் டெட்ரோஸே கூறும்படி ஆயிற்று. 2025 ஜூனில் வெளியான நிபுணர் குழுவின் அறிக்கை, விலங்குகளிடமிருந்து மனிதருக்குத் தொற்றியது என்பதற்கே அத்தாட்சி அதிகம் என்கிறது. ஆயினும், கேட்ட விவரங்களைச் சீனா தராமையால், ஆய்வுக்கூடத்திலிருந்து கசிந்தது என்னும் வாதத்தை ஒதுக்கவும் இயலவில்லையாம். வூஹான் நிலைமையை நேரில் கண்டு வெளியிட்ட ஜாங் ஜான் என்ற பெண்மணிக்குக் கிடைத்ததோ நான்கு வருஷச் சிறைவாசம்!

நம் மதுரைச் சீமையும் ஒரு பழைய விசாரணையைக் கண்டதுண்டு. 1809 முதல் 1811 வரை கோயமுத்தூர், மதுரை, திண்டுக்கல், திருநெல்வேலிப் பகுதிகளில் கடுமையான ஜுரம் பரவிற்று. காரணத்தை ஆராயக் கும்பினி சர்க்கார் டாக்டர் ஐன்ஸ்லி தலைமையில் மூவர் கமிட்டி ஒன்றை நியமித்தது. கொசுவின் உடலில் மலேரியாக் கிருமியை ரோஸ் கண்டது 1897-ல்தான். ஆகவே கொசுவைச் சந்தேகிக்கக் கமிட்டியாருக்கு வழியில்லை. என்றாலும், நிலம், விவசாயம், வைத்தியம் பற்றி அவர்கள் எழுதிய அறிக்கை 1816-ல் லண்டனில் அச்சாயிற்று. பின்வந்தவர்கள் அதைப் பரிசோதிக்க முடிந்தது. ஆனால் உறவினரைப் பறிகொடுத்த குடியானவனுக்கு அந்த ஆங்கிலப் புத்தகத்தால் என்ன பயன்? அரைக் கதவுதான் திறந்தது.

சீனாவைக் குறைகூறும் நாம் நம் வீட்டையும் பார்க்க வேண்டாமா? 2020 ஜூனில் சென்னை மாநகராட்சிப் பதிவேட்டிலிருந்த கொரோனா மரணங்கள் பல மாநிலக் கணக்கில் இல்லை என்று பத்திரிகைகள் எடுத்துக் காட்டின. சர்க்கார் குழு அமைத்தது. ஜூலை 22-ந் தேதி, விட்டுப்போன 444 மரணங்கள் சேர்க்கப்பட்டன. கேள்வி கேட்டதனால் ராஜ்யம் கவிழ்ந்துவிடவில்லை, கணக்குத்தான் நேராயிற்று.

பத்திரிகைகளுக்கும் பொறுப்பு உண்டு. ஆய்வுக்கூட வாதத்தைச் சில பத்திரிகைகள் வெறும் கட்டுக்கதை என்று தள்ளின. வேறு சில நிரூபணமான உண்மை என்று முழங்கின. தெரிந்தது இவ்வளவு, தெரியாதது இவ்வளவு என்று எழுதுவதற்குத்தான் அதிகத் தைரியம் வேண்டும்.

விசாரணையின் முடிவு தவறாயிருந்தால் பின்வரும் சந்ததியார் திருத்திக்கொள்வார்கள். சாட்சியத்தையே மூடி வைத்துவிட்டால் அவர்கள் எதைக் கொண்டு திருத்துவது?