ஸ்கேன்ல நீர்க்கட்டின்னு வந்தாச்சா? தைராய்டையும் ஒரு தடவை பார்த்துடுங்க!

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில், விழுப்புரம் பஸ்ஸுக்காகக் காத்திருக்கும் ஓர் அம்மாவையும் மகளையும் கற்பனை செய்துகொள்ளுங்கள். மகளுக்கு 19 வயது. மூன்று மாதமாக பீரியட்ஸ் வரவில்லை. உடம்பு போட்டிருக்கிறது, முடி கொட்டுகிறது, எந்நேரமும் அசதி. ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'பாலிசிஸ்டிக் ஓவரி' என்று இருக்கிறது. "கல்யாணம் பண்ணி வெச்சா எல்லாம் சரியாப் போயிடும்" என்று சொல்லிவிட்டார் அத்தை. மகள் மனசில் ஓடுவது ஒரே கேள்விதான்: "ஏம்மா, எனக்குக் குழந்தை பொறக்காதா?"

இப்படி ஒரு காட்சி நம்மில் பலருக்குத் தெரிந்ததுதான். ஆனால், அந்த மகளின் கையில் இருக்கும் கவரில் ஒரு பேப்பர் குறைகிறது. அது தைராய்டு ரிப்போர்ட்.

நீர்க்கட்டி, பயப்படும் 'கட்டி' இல்லை

பிசிஓஎஸ் பிரச்னையை 1935-ல் விரிவாக எழுதியவர்கள், சிகாகோ டாக்டர்களான ஸ்டெயினும் லெவென்தாலும். ஸ்கேனில் தெரிபவை பாதியில் வளர்ச்சி நின்றுபோன சின்னச் சின்ன முட்டைப்பைகள். அவை புற்றுநோய்க் கட்டிகள் அல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, குழந்தை பெறும் வயதில் இருக்கும் பெண்களில் 100-க்கு 10 முதல் 13 பேருக்கு இது இருக்கிறது.

இதை உறுதி செய்ய, 2003-ல் ராட்டர்டாம் நகரில் கூடிய நிபுணர்கள் மூன்று அடையாளங்களைச் சொன்னார்கள். பீரியட்ஸ் ஒழுங்காக வராமல் இருப்பது; முகத்தில் முடி, அதிகப் பரு போன்ற ஆண் ஹார்மோன் அறிகுறிகள் அல்லது ரத்தத்தில் அந்த ஹார்மோன் அதிகமாக இருப்பது; ஸ்கேனில் தெரியும் மாற்றம். இவற்றில் இரண்டு இருக்க வேண்டும். இதே மாதிரி தெரியும் வேறு பிரச்னைகள் இல்லை என்றும் பார்த்திருக்க வேண்டும். அந்த 'வேறு பிரச்னை' பட்டியலில் முக்கியமானது தைராய்டு.

இன்னொரு விஷயம். வயதுக்கு வந்து 8 வருடம் ஆகாத பெண்களுக்கு ஸ்கேனை வைத்து பிசிஓஎஸ் என்று முடிவு செய்ய வேண்டாம் என்கிறது 2023-ல் வெளியான சர்வதேச வழிகாட்டுதல். அந்த வயதில் ஆரோக்கியமான சினைப்பையும் ஸ்கேனில் அப்படித் தெரியக்கூடும். நம் 19 வயது மகள் 13 வயதில் பெரியவள் ஆனவள் என்றால், அவளுக்கும் இது பொருந்தும்.

கழுத்துக்கும் கருப்பைக்கும் என்ன சம்பந்தம்?

தைராய்டு சுரப்பி கழுத்தின் முன்பக்கம் இருக்கிறது. அது குறைவாகச் சுரந்தால், இன்னும் வேலை செய் என்று மூளை அதைத் தூண்டுகிறது. அந்தத் தூண்டுதலில் புரோலாக்டின் என்ற ஹார்மோனும் கூடிவிடலாம். புரோலாக்டின் கூடினால் முட்டை வெளிவருவது தடைப்படும், பீரியட்ஸ் தள்ளிப்போகும். ரத்தத்தில் ஆண் ஹார்மோனைப் பிடித்து வைத்திருக்கும் ஒரு புரதமும் தைராய்டு குறைவால் குறைகிறது.

அதனால்தான் எடை கூடுவது, முடி கொட்டுவது, பீரியட்ஸ் தள்ளுவது எல்லாம் இரண்டு பிரச்னைக்கும் பொதுவாக இருக்கின்றன. மலச்சிக்கல், வறண்ட தோல், குளிர் தாங்க முடியாமை, அதிக ரத்தப்போக்கு இருந்தால் தைராய்டு மீது சந்தேகம் கூடும். தாடையில் முடி, விடாத பரு என்றால் பிசிஓஎஸ் பக்கம் சந்தேகம் போகும். ஆனால், அறிகுறியை வைத்து வீட்டிலேயே தீர்ப்பு எழுதிவிட முடியாது.

இரண்டும் சேர்ந்தும் வரலாம். 2004-ல் வெளியான ஒரு ஜெர்மன் ஆய்வில், பிசிஓஎஸ் உள்ள பெண்களில் 100-க்கு சுமார் 27 பேருக்கு தைராய்டைத் தாக்கும் ஆன்டிபாடி இருந்தது. மற்ற பெண்களில் அது சுமார் 8 பேர்தான். ஒன்று இருந்தால் இன்னொன்று இல்லை என்று விட்டுவிடக் கூடாது.

உப்பை மாற்றினால் போதுமா?

மரக்காணம் உப்பளங்கள் பக்கத்திலேயே இருப்பதால், அயோடின் சேர்க்காத கல்லுப்பு சில வீடுகளில் புழங்கலாம். அயோடின் கலந்த உப்பே சமையலுக்கு நல்லது. ஆனால், இன்று பல பெண்களுக்குத் தைராய்டு குறைவது உடலின் எதிர்ப்பு சக்தியே சுரப்பியைத் தாக்குவதால். அதற்கு உப்பை மாற்றினால் மட்டும் போதாது, மாத்திரை தேவைப்படலாம்.

டாக்டரிடம் கேட்க வேண்டியவை

* டிஎஸ்ஹெச், தேவைப்பட்டால் ஃப்ரீ டி4, தைராய்டு ஆன்டிபாடி.
* புரோலாக்டின், ஆண் ஹார்மோன் அளவு.
* பிசிஓஎஸ் உறுதியானால் சர்க்கரை, கொழுப்பு, ரத்த அழுத்தம்.
* திருமணமான பெண் என்றால், முதலில் கர்ப்பப் பரிசோதனை.

முடி வளர பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவர்கள், ரத்தம் கொடுப்பதற்கு முன்பே அதை டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். அது தைராய்டு ரிப்போர்ட்டையே தப்பாகக் காட்டக்கூடும்.

தைராய்டு மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, காபிக்கும் டிபனுக்கும் அரை மணி முதல் ஒரு மணி நேரம் இடைவெளி விட வேண்டும். இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கு 4 மணி நேரம் தள்ளிப்போட வேண்டும். கொஞ்சம் தெம்பு வந்ததும் தானாக நிறுத்திவிடக் கூடாது.

முண்டியம்பாக்கத்தில் 2010 முதல் இயங்கும் அரசு விழுப்புரம் மருத்துவக் கல்லூரியின் மகளிர் நலப் பிரிவுக்குப் போகும்போது, பழைய ரிப்போர்ட்டுகளோடு கடைசி ஆறு பீரியட்ஸ் தேதிகளையும் செல்போனில் குறித்துக்கொண்டு போனால் டாக்டருக்குப் பெரிய உதவி.

அந்த மகளின் கேள்விக்கும் பதில் உண்டு. பிசிஓஎஸ் என்றால் குழந்தையே பிறக்காது என்று அர்த்தமில்லை. பலர் இயல்பாகவே கருத்தரிக்கிறார்கள், சிலருக்கு முட்டை வெளிவர மாத்திரை உதவி தேவைப்படுகிறது. தைராய்டுதான் காரணம் என்றால், அது சரியானதும் பீரியட்ஸும் ஒழுங்குக்கு வரலாம். கல்யாணம் இரண்டுக்குமே மருந்தில்லை. அடுத்த முறை அத்தை அப்படிச் சொன்னால், "முதல்ல டிஎஸ்ஹெச் பார்த்துட்டு வர்றோம் அண்ணி" என்று அம்மாவே சொல்லிவிடலாம்.